முள் போட்ட கிணறு

எங்க ஊர்ப் பக்கம், கோவில்பட்டிக்குத் தெற்கே, பொண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது பாத்திரம் பண்டத்தோட ஒரு நாய்க்குட்டியையும் கொடுத்து விடுற பழக்கம் உண்டு. கன்னி நாய். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல ரெண்டு செவலைப் பொட்டு, முதுகோட ஒட்டின வயிறு. முயல் பிடிக்கன்னே பிறந்த சாதி. எழுபதுகளோட கடைசியில என்னைக் கட்டிக் கொடுத்து நெய்வேலிக்கு அனுப்பினப்போ, எங்க அப்பா ஒரு கூடையில வைக்கோலைப் போட்டு, கண்ணு திறந்து கொஞ்ச நாளே ஆன பொட்டைக் குட்டியை உள்ள வைச்சு, பஸ்ஸுல என் மடியில தந்தார். "உனக்குத் துணைக்கு"ன்னார். மாப்பிள்ளை பக்கத்துலயேதான் உக்காந்திருந்தார். அப்போ இவர் எதுக்குன்னு யாரும் கேட்கல.

கேட்டிருக்கணும். ஏன்னா, வந்து பார்த்தா அவர் பாதி நாள் வீட்டிலேயே இல்ல. மைன்ஸ்ல மண் வெட்டுற பெரிய மெஷின்ல ஆப்பரேட்டர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் ராத்திரி. ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து தூங்குற மனுசன் பக்கத்துல பாத்திரம் உருட்டக் கூடாது, பேசக் கூடாது. நானோ, பேசலைன்னா சோறு செமிக்காத ஆளு. எங்க ஆத்தா சொல்லும், உன்னைக் கட்டுறவன் காதுல பஞ்சு வைச்சுக்கிடணும்னு. அவர் வைச்சுக்கவும் செஞ்சார், நிசமாவே.

அதனால நான் நாய்கிட்ட பேசினேன். காலையில காய்கறிக்காரன் செஞ்ச அநியாயத்துல ஆரம்பிச்சு எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா என் சேலையைப் பார்த்த பார்வை வரைக்கும் எல்லாத்தையும் அதுகிட்டதான் கொட்டினேன். அது தலையைச் சாய்ச்சுக் கேக்கும். கல்யாணமாகி மூணு வருசம் வயித்துல ஒண்ணும் தங்கல. பிளாக்குல எல்லாரும் விசேஷம் உண்டான்னு கேட்டாங்க, நாய் மட்டும் கேட்கல. அதோட பேரை இங்க நான் எழுதப் போறதில்ல. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பேர் என் வாயில வர மாட்டேங்குது.

பிளாக்குக்குப் பின்னால இருந்த பொட்டல்ல வைச்சு நான்தான் அதைப் பழக்கினேன். அப்பா செஞ்சதைப் பார்த்து வளர்ந்தவதானே. "சூ"ன்னா பாயணும், "தோ தோ"ன்னா திரும்பி வரணும். முள்வேலியை ஒட்டி ஓடக் கூடாது, தாண்டிக் குதிக்கணும். எங்க கரிசல்ல முள் இல்லாத இடம் ஏது? முயல் முள்ளுக்குள்ள போய் ஒடுங்கும். நாய் யோசிச்சுக்கிட்டு நின்னா அது அந்தப் பக்கமா ஓடிப் போயிரும். அதனால முள்ளுக் குவியலைக் கண்டா அதுமேல பாய்ஞ்சு மிதிச்சுக் கலைக்கப் பழக்குவோம். நானும் பழக்கினேன். என் குரலைத் தவிர வேற யார் குரலுக்கும் அது அசையாது. எங்க வீட்டுக்காரர் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் ஒரு காதை மட்டும் ஆட்டும். அதுல எனக்கு ரொம்பப் பெருமை.

அந்த மார்கழியில எங்க வீட்டுக்காரர்கூட வேலை பார்த்த ஒருத்தர் வேட்டைக்குக் கூப்பிட்டார். அவர் பக்கத்துக் கிராமத்துக்காரர். புது மைன்ஸுக்குன்னு அவர் நிலத்தை எடுத்துட்டாங்க. அவர் மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல சேர்ந்து, என்னைக்காவது பெர்மனென்ட் ஆகும்னு காத்துக்கிட்டிருந்தார். நிலம் கையை விட்டுப் போன பிறகும் நான் அவரை நிலத்துக்காரர்னுதான் சொல்வேன், வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஊரையே காலி பண்ண வைச்சுட்டதால, பக்கத்துல வடக்குத்துங்கிற ஊர்ல ஒரு மனை வாங்கி வீடு கட்டியிருந்தார்.

"நிலம் சும்மா கெடக்குது அண்ணி, ஏர் ஓட்டல, ஒண்ணும் பண்ணல. விட்டுட்டு வந்த மல்லாட்டை தானா மொளைச்சுகினு கெடக்குது, முயலுங்க குடும்பத்தோட வந்து தின்னுகினு இருக்குது. பொங்கலுக்கு அப்பால வேலி போட்டுடுவாங்களாம். அதுக்கப்புறம் நானே உள்ள போவ முடியாது"ன்னார். மல்லாட்டைன்னா நிலக்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சு.

எங்க வீட்டுக்காரருக்கு ஆசை. ஆனா நாய் அவர்கூட வராதே. அப்படித்தான் நானும் கிளம்பினேன். மார்கழி மாசம், பிளாக்குல எல்லா வாசல்லயும் கோலமும் பூசணிப்பூவும். நான் மட்டும் கோலம் போடாம, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, தலையில அவரோட மங்கி குல்லாவை மாட்டிக்கிட்டு, நாயைப் பிடிச்சுக்கிட்டு சைக்கிள் பின்னால ஏறினேன். எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா கோலமாவும் கையுமா நிமிர்ந்து, "என்னங்க இது, பொம்பளை வேட்டைக்குப் போறதா?"ன்னாங்க. "முயலுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுங்க"ன்னேன். எங்க வீட்டுக்காரர் அவசர அவசரமா பெடலை மிதிச்சார்.

பனின்னா அப்படி ஒரு பனி. அதோட பவர் ஹவுஸ் புகையும் சேர்ந்துக்கிட்டு முன்னால போன நிலத்துக்காரர் சைக்கிளோட பின்சக்கரம்கூடத் தெரியல. நாய் சைக்கிள்கூடவே ஓடி வந்துச்சு. காலி பண்ணின ஊருக்குள்ள போனோம். வீடுகள்ல கதவு இல்ல, நிலை இல்ல, ஓடு இல்ல, விட்டம் இல்ல. எல்லாத்தையும் அவங்களே பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. போகும்போது எது உதவும்னு யாருக்குத் தெரியும்? சுவர் மட்டும் பாதிப் பாதியா நின்னுச்சு. கோயில்ல சாமி இல்ல, திரிசூலம் நின்ன குழி இருந்துச்சு. நிலத்துக்காரர் ஒவ்வொரு வீட்டையும் காட்டி, இது சித்தப்பா வூடு, இது பங்காளி வூடுன்னு சொல்லிக்கிட்டே வந்தார். அவரோட செவலை நாட்டு நாய் ஒவ்வொரு குட்டிச்சுவர்லயும் பழைய பாக்கியைத் தீர்க்கிற மாதிரி காலைத் தூக்கிட்டு வந்துச்சு. அதுக்கு அதுதானே ஊர்.

அவர் நிலத்துல மரமெல்லாம் வெட்டியாச்சு. வரப்பையும் புல்டோசர் விட்டுச் சமமாக்கி வைச்சிருந்தாங்க. "இங்க ஒரு கிணறு இருக்குது, பாத்து"ன்னு சொன்னார். எங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சுத்திப் பார்த்தார். "வேப்பமரம் நின்னா சொல்லிடுவேன் அண்ணி. அந்தாண்ட, இன்னும் தள்ளி இருக்குது. பயப்படாதீங்க, வாயில முள்ளு வெட்டிப் போட்டு மூடித்தான் வெச்சிருக்கேன். ஆடு மாடு கிட்ட போவாது"ன்னார். சொந்த நிலத்துல சொந்தக் கிணறு எங்கன்னு அவருக்கே தெரியல. அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாப் போச்சு, அதனால பேச்சை மாத்தினேன். எங்க ஊர்ல கிளப்பின நாய்க்குத்தான் முயலோட ஈரலும் தலையும், பிடிச்ச நாய்க்குக்கூட அப்புறம்தான்னு சொன்னேன். "எங்களுக்கும் அப்பிடித்தான் அண்ணி, கிளப்புன நாய் பங்கை யாரும் தொட மாட்டோம்"னு சிரிச்சார்.

கடலைச் செடிக்குள்ள என் நாய் மூக்கை வைச்சுது. அப்படியே விறைச்சு நின்னுச்சு. முன்னங்கால் ஒண்ணு தூக்கினபடி இருக்கு. "சூ!"ன்னேன்.

ஐயோ, அந்த ஓட்டம்! முயல் சாம்பல் உருண்டையா எகிறுச்சு, என் நாய் வில்லா வளைஞ்சு நீண்டு பின்னால போச்சு. பனிக்குள்ள மறையும், மறுபடி தெரியும். நான் சின்னப் புள்ளை மாதிரி கத்திக்கிட்டு பின்னாலேயே ஓடினேன். மூணு வருசத்துல அன்னைக்குத்தான் அது முழுசா கால் நீட்டி ஓடுது. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. முயல் வெட்டித் திரும்பி, பனிக்குள்ள கறுப்பாத் தெரிஞ்ச ஒரு முள்ளுக் குவியலுக்குள்ள நுழைஞ்சுது. என் நாய் பழக்கினபடியே ஒரே பாய்ச்சலா அதுமேல பாய்ஞ்சுது.

நிலத்துக்காரர் பின்னாலயிருந்து "ஐயையோ"ன்னார். அந்தச் சத்தத்துலயே எனக்குப் புரிஞ்சு போச்சு.

முள் மொத்தமா உள்ள இறங்கிப் போச்சு. முயல் ஓரத்துல ஒண்டியிருந்ததால அந்தப் பக்கமா வெளியே வந்து ஓடிருச்சு. நான் ஓடிப் போய் எட்டிப் பார்க்கப் போனேன். நிலத்துக்காரர் என் கையைப் பிடிச்சுப் பின்னால இழுத்தார். "கிட்ட போவாதீங்க அண்ணி, செங்கல்லு இல்ல"ன்னார். கிணத்தோட கைப்பிடிச் சுவரையும், உள்ள ஒரு ஆள் உயரத்துக்கு இருந்த செங்கல்லையும் அவரே பேர்த்து எடுத்து வடக்குத்து வீட்டுக்குக் கொண்டு போயிருக்கார். செங்கல் போன பிறகு மேல் பக்கம் எல்லாம் வெறும் செம்மணல். விளிம்புல கால் வைச்சா சரியுது. தண்ணி எப்பவோ வத்திப் போச்சு. மைன்ஸ் தண்ணியை இறைக்க இறைக்க இவர் கிணத்தை ஆழமாத் தோண்டிக்கிட்டே போயிருக்கார், கடைசியில கிணறு மட்டும் இருந்துச்சு, தண்ணி இல்ல.

நான் குப்புறப் படுத்து ஊர்ந்து போய்ப் பார்த்தேன். கீழ, இடிஞ்ச மணல் மேல, முள்ளுக்கு நடுவுல என் நாய் நின்னுச்சு. உயிரோட நின்னுச்சு. முன்னங்கால் ஒண்ணு தொங்குது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டுச்சு. அந்த வாலை நான் என்னன்னு சொல்றது! "எம்மா, நான் இங்க இருக்கேன், பயப்படாத, எடுத்துருவோம், இந்தா இப்ப எடுத்துருவோம்"னு பேச ஆரம்பிச்சேன். அது உடனே என்கிட்ட வர சுவர்ல ஏறுச்சு. மணல் பொலபொலன்னு சரிஞ்சு அது மேலேயே விழுந்துச்சு. மறுபடியும் பேசினேன். மறுபடியும் ஏறுச்சு. இந்தத் தடவை மண் முதுகு வரைக்கும் விழுந்துச்சு, உதறிக்கிட்டு எந்திரிச்சுது.

நிலத்துக்காரர் என் பக்கத்துல படுத்து மெதுவாச் சொன்னார்: "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. உங்க குரலுக்குத்தான் ஏறுது. பேசாதீங்க. நீங்க பேசப் பேச அது தன் மேலயே மண்ணைத் தள்ளிக்குது."

நான் வாயை மூடிக்கிட்டேன். என்னைத் தெரிஞ்சவங்க யாரும் நம்ப மாட்டாங்க.

எங்க வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கிட்டு வடக்குத்துக்கு வடம் கொண்டு வரப் போனார். கிணத்து வடம், கடப்பாரை, கூடை எல்லாம் அங்க போயாச்சே. நானும் நிலத்துக்காரரும் விளிம்புல படுத்துக் கிடந்தோம். சேலையெல்லாம் பனி, மண்ணு. அடியில நாய் முனகுது. அது என்னைக் கூப்பிடுது, எனக்குத் தெரியும், பசிச்சா ஒரு மாதிரி முனகும், வெளிய போகணும்னா ஒரு மாதிரி, நான் எங்கன்னு தேடினா இந்த மாதிரிதான். ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டா அடங்கிரும். சொல்ல முடியல. முந்தானையை வாயில வைச்சு அழுத்திக்கிட்டேன். என் நாய் என்ன நினைச்சிருக்கும்? மேல இருந்து முகத்தைக் காட்டுறா, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாளேன்னுதானே நினைச்சிருக்கும்?

தூரத்துல பனிக்கு அந்தப் பக்கம் மைன்ஸ்ல மெஷின் ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் ஓட்டுற மாதிரி மெஷின்தான். வாளி வைச்ச அதோட சக்கரம் ஒரு சுத்து சுத்தினா ஒரு வீட்டளவு மண்ணை அள்ளிப் போட்டுரும். எனக்கு வேண்டியது ஒரு நாயளவு மண்ணைத் தள்ளி வைக்க ஒரு வழி. எவன்கிட்டப் போய்க் கேக்குறது? பக்கத்துல கிடந்த நிலத்துக்காரர் அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்துக்கிட்டு, "எல்லாம் இருக்குது, நமக்குத்தான் ஒண்ணும் இல்ல"ன்னார். அவர் நாயைப் பத்தி மட்டும் சொன்னாரான்னு தெரியல.

அப்போ ஷிப்ட் சங்கு ஊதுச்சு. எங்க பிளாக்குல சங்கு ஊதினா என் நாய் கூடவே ஊளையிடும். எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா திட்டுவாங்க. கிணத்துக்குள்ள இருந்தும் அது தலையைத் தூக்கி ஊளையிட்டுச்சு, வீட்டுல இருக்கிற மாதிரியே. நான் மண்ணுல முகத்தைப் புதைச்சுக்கிட்டு அழுதேன், சத்தம் வராம.

எங்க வீட்டுக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கூடையை இறக்கினாங்க. நாய் அதை மோந்து பார்த்துட்டு ஒதுங்கிருச்சு. கூடைக்குள்ள ஏறச் சொல்லி அதுக்கு யார் சொல்றது? சொல்லக் கூடியவ நான் ஒருத்தி, நான் வாயைத் திறக்கக் கூடாது. நிலத்துக்காரர் எந்திரிச்சு வேட்டியை வரிஞ்சு கட்டிக்கிட்டார். "நான் எறங்கறேன். என் கிணறு, என் முள்ளு"ன்னார். வேண்டாம்னு எங்க வீட்டுக்காரர் கையைப் பிடிச்சார். அவர் கேட்கல. கட்ட ஒரு மரமில்ல. கடப்பாரையை விளிம்பை விட்டுத் தள்ளி ஆழமா அடிச்சு அதுல வடத்தைச் சுத்தி, மீதியை எங்க வீட்டுக்காரர் இடுப்புல கட்டிப் பிடிச்சுக்கிட்டார்.

நிலத்துக்காரர் எதிர்ப் பக்கமா இறங்கினார், நாய் இருந்த பக்கம் மண் விழக் கூடாதுன்னு. மெதுவா, ஒரு கால், இன்னொரு கால். இடுப்பு மறைஞ்சுது, தலை மறைஞ்சுது. நாய் அவரையே பார்த்துக்கிட்டு அசையாம நின்னுச்சு. என் ராசாத்தி, அப்படியே நில்லு, அப்படியே நில்லுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். கிடைச்சிரும்னு தோணுச்சு. பாதி தூரம் இறங்கிட்டார்.

அப்போ பார்த்தேன். அவர் தலைக்கு மேல, வடம் அறுத்துக்கிட்டிருந்த விளிம்புக்குப் பின்னால, புல்லுத் தரையில ஒரு கோடு. முதல்ல நூல் மாதிரி. பார்த்துக்கிட்டே இருக்கும்போது விரல் நுழையுற அளவுக்கு விரிஞ்சுது. எங்க வீட்டுக்காரர் முதுகைக் காட்டி நின்னு வடத்தை இழுத்துப் பிடிச்சிருந்ததால அவருக்குத் தெரியல. எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. அந்த மனுசனுக்கு வடக்குத்துல பொண்டாட்டி இருக்கு, ரெண்டு பிள்ளைங்க இருக்கு.

"அண்ணே! மண்ணு பிளக்குது! மேல வாங்க! என்னங்க, இழுங்க, இழுங்க!"ன்னு கத்தினேன். என் தொண்டையில இருந்த அத்தனை சத்தத்தையும் போட்டுக் கத்தினேன்.

அவர் நிமிர்ந்து ரெண்டே எட்டுல ஏறிக் கையை நீட்டினார், எங்க வீட்டுக்காரர் தரதரன்னு இழுத்து வெளியே போட்டார். அந்தப் பக்கம் விளிம்பு அப்படியே உள்ள போச்சு. அவர் தப்பிச்சுட்டார். ஆனா கீழ என் நாயும் என் குரலைக் கேட்டுருச்சு. அவ்வளவு நேரம் பேசாதவ பேசிட்டா இல்ல. மூணு காலோட, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, நான் படுத்திருந்த பக்கம் பாய்ஞ்சு ஏறுச்சு. பாதிச் சுவர் வரைக்கும் ஏறிருச்சு. அதோட கண்ணை நான் பார்த்தேன், அதுல சந்தோஷம்தான் இருந்துச்சு. அப்புறம் அந்தச் சுவரும் சரிஞ்சுது.

எங்க வீட்டுக்காரர் என் காலைப் பிடிச்சு இழுத்திருக்கலைன்னா நானும் போயிருப்பேன். எங்களுக்கு முன்னால மணல் கொஞ்ச நேரம் சரசரன்னு உள்ள ஒழுகிக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் அதுவும் நின்னுருச்சு. நிலத்துக்காரர் கையாலயே தோண்டப் போனார். எங்க வீட்டுக்காரர் அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். மண்ணைப் பத்தி அவங்க ரெண்டு பேருக்கும் தெரியும், அதுல உயிரோட யாரும் இருக்க முடியாதுன்னும் தெரியும். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இனி எவ்வளவு வேணாலும் கூப்பிடலாமே.

செவலை நாய் பனிக்குள்ளயிருந்து ஓடி வந்துச்சு. வாயில அந்த முயல். எங்க காலடியில போட்டுட்டு வாலை ஆட்டிக்கிட்டு நின்னுச்சு, நல்ல காரியம் பண்ணினோம்னு. அதுமேல கோவிக்கக்கூட எனக்குத் தெம்பில்ல. நிலத்துக்காரர் குனிஞ்சு முயலை எடுத்தார். ஈரலும் தலையும்தானே வழக்கம். அவர் முழு முயலையும் கொண்டு போய், இடிஞ்ச மண்ணு மேல மெதுவா வைச்சார். "கிளப்புனது அது"ன்னார். செவலை நாய் அதைக் கேட்கல, எடுக்கவும் போகல.

திரும்பி வரும்போது சைக்கிள்ல பின்னால உக்காந்துக்கிட்டு, பக்கத்துல ஓடி வருதான்னு ரெண்டு தடவை பார்த்துட்டேன். வாசல்ல எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா, "முயல் கிடைச்சுதா?"ன்னு கேட்டாங்க. என் மேலெல்லாம் மண்ணா இருந்ததைப் பார்த்துட்டு அவங்க உள்ள போய் ஒரு செம்புல வெந்நீர் கொண்டு வந்தாங்க. என் காலைக் கழுவினது அவங்கதான்.

நான் கத்தினது தப்புன்னு சொல்ல மாட்டேன். இன்னைக்கு அந்த இடத்துல நின்னாலும் கத்தத்தான் செய்வேன். அந்த மனுசன் அதுக்கப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் வடக்குத்துல இருந்து மல்லாட்டை கொண்டு வந்து வைச்சுட்டு, என் முகத்தைப் பார்க்காம போவார். அதுக்கு நான் என்ன செய்ய? அவர் உயிரோட இருக்காரேன்னு சந்தோஷம்தான். ஆனா அந்தக் கண்ணு இருக்கே, நான் கூப்பிட்டுட்டேன்னு ஏறி வந்த கண்ணு, அதுக்கு யார்கிட்டப் போய் என்ன சொல்றது?

சில வருசம் கழிச்சுப் புது மைன்ஸ் வெட்ட ஆரம்பிச்சாங்க. எங்க வீட்டுக்காரரை அங்கதான் மாத்தினாங்க, மேல் மண்ணு வெட்டுற மெஷினுக்கு. ஷிப்ட் முடிச்சு வந்ததும், "எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"ன்னு கேப்பேன். "இன்னும் தூரம் இருக்கு"ம்பார். மறுநாளும் கேப்பேன். இன்னும் தூரம். அவருக்கு அந்த இடம் தெரியும்னு எனக்குத் தெரியும், நான் எதைக் கேக்குறேன்னு அவருக்கும் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் வந்தார். டிபன் கேரியரை அடுக்களையில வைச்சுட்டு, உடுப்பைக்கூட மாத்தாம கொல்லைப் பக்கம் போய் உக்காந்துட்டார். கேரியர் கனத்துச்சு. திறந்து பார்த்தேன், வைச்ச சோறு வைச்சபடியே இருந்துச்சு. பின்னால போய் அவர் பக்கத்துல உக்காந்தேன். என்ன பார்த்தாரு, எப்படிப் பார்த்தாரு, சக்கரத்துல என்ன வந்துச்சுன்னு கேக்க ஆயிரம் கேள்வி தொண்டை வரைக்கும் வந்துச்சு. அவர் என் முகத்தைப் பார்த்தார், கேட்டுருவாளோன்னு.

நான் கேட்கல. அந்தத் தடவை வாயைத் திறக்கவே இல்ல.